சொல்லிவிட்டு உடைகிற பின்னு

டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிற பீங்கான் கிண்ணத்தில், சாவிக்கொத்துக்கு அடியில், நைலான் துண்டு இரண்டு கிடக்கிறது. போன மாசம் வரைக்கும் அது ஒரே துண்டு, ஒரு மிஷின் பின்னு. என் கட்டைவிரல் பருமன், விரலைவிடக் கொஞ்சம் நீளம், பழைய பல்லின் நிறம். நட்டநடுவில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம், அதைச் சுற்றிப் பால் சிந்திக் காய்ந்தாற்போல ஒரு வெளுப்பு. பதினேழு வருஷமாக அதை நான் பீரோவில் என் பழைய சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பெரியவளே, நீதான் அதைக் கண்டெடுத்து, "என்னப்பா இது, நடுவுல மட்டும் வெளுத்திருக்குது?" என்று கேட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார்கள், பின்னு உடைந்தது. அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு போய்விட்டது, அத்தை நம் வீட்டுப் படி ஏறவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா வேலை இருக்கும் என்று சமாளிக்கிறாள். அவளுக்கும் முழுசாகத் தெரியாது. வாயால் சொன்னால் எனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். மிஷினில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் சரி.

அத்தைக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மிஷினில் போய்விட்டது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை இந்த வீட்டில் நான் ஒருநாளும் எடுத்ததில்லை. இப்போதும் எடுக்கப்போவதில்லை. மிஷின்களைப் பழுது பார்க்கிறவர், கம்பெனியில் எல்லோரும் அவரை பிட்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

சுனாமி வந்த அடுத்த வருஷம். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி கரண்டு கம்பத்துக்கு மேலே உட்கார்கிற பீங்கான் செய்கிற சின்னக் கம்பெனி. நான் மண் பிசைகிற மிஷினில் ஆப்பரேட்டர். பக்மில் என்போம். படுக்கவைத்த பெரிய இரும்புக் குழாய், அதற்குள் ஒரு தண்டு, தண்டு நெடுக அரிவாள் அரிவாளாக பிளேடு. மேலே இருக்கிற வாயில் ஈர மண்ணைப் போட்டால் உள்ளே வெட்டிப் பிசைந்து, முன்பக்கம் தொடை பருமனில் உருளையாகத் தள்ளும். நான் முன்பக்கம் நின்று கம்பியால் அறுத்து அடுக்குவேன். வாயில் மண் போடுகிற வேலை அத்தைக்கு. அப்போது எனக்கு அவர் அக்கா. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அதனால் இனிமேல் அக்கா என்றே எழுதுகிறேன். புடவைக்கு மேலே அவர் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார். மோட்டார் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல். "பத்தாங்கிளாஸு, மண்ணு வருதா, மலச்சிக்கலா?" என்று அங்கிருந்து கத்துவார். நான் பத்தாவது தவறியவன். அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்தது பிட்டர், ஊர் முழுக்கப் பரப்பியது அக்கா.

மோட்டாரையும் பிளேடு தண்டையும் இணைக்கிற இடத்தில் இரண்டு இரும்புத் தட்டு முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். இரண்டிலும் ஓட்டை போட்டு, ஒரு பின்னு குறுக்கே செருகியிருக்கும். மோட்டாரின் வலுவெல்லாம் அந்த ஒரு பின்னு வழியாகத்தான் பிளேடுக்குப் போக வேண்டும். மற்ற கம்பெனிகளில் அங்கே இரும்பு போல்ட். எங்கள் பிட்டர் மட்டும் நைலான் கம்பி வாங்கிவந்து, லேத்தில் கடைந்து, நடுவில் அந்த இடுப்பையும் வெட்டி, நைலான் பின்னுதான் போடுவார். மண்ணில் கல் வந்தாலோ கம்பி வந்தாலோ, மிஷின் திணறினால் பின்னு டக்கென்று போய்விடும், பிளேடு நின்றுவிடும், மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். ஒரு ஷிப்டில் இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்தி, உடைந்த துண்டைத் தட்டி எடுத்து, புதுசு போட்டு ஓட்ட அரைமணி நேரம் ஓடிவிடும். எத்தனை உருளையோ அத்தனைக்குத்தான் எங்களுக்குக் கூலி. பின்னு உடையும்போதெல்லாம் மண் போடுகிற பெண்களும் நானும் பிட்டரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

முகத்துக்கு நேரே திட்ட யாருக்கும் தைரியம் இல்லை. குள்ளமான ஆள், கம்மாபுரம் பக்கம், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகிற குடும்பம். அந்தக் கோபமா, பிறவிக் கோபமா, தெரியாது. கை முந்தும், வாய் பின்னால் வரும். கிரீஸ் டப்பாவை மூடாமல் வைத்தேன் என்று அந்த டப்பாவாலேயே என் நெற்றியில் அடித்திருக்கிறார். ஒருமுறை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் காலரைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தியதில் அவருக்கு மூச்சு நின்று முகம் நீலமாகப் போய், நான்கு பேர் சேர்ந்து பிரித்தோம். காரணம், மிஷின் வாய்க்கு மேல் இருந்த கம்பி வலையை அவர் கழற்றிவிட்டு மாட்டவில்லை. வலை அதற்குப் பிறகும் ஒட்டுகிற மண்ணை அடைத்துக்கொள்கிறது என்று யாராவது கழற்றிக்கொண்டேதான் இருந்தார்கள், அவர் அடித்துக்கொண்டேதான் இருந்தார். நான் அவரை வெறுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், காலையில் அவர் சைக்கிள் மணி கேட்டால் மண் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் செத்துப்போனால் தேவலை என்று நினைத்த நாட்கள் உண்டு.

நைலானை அவர் அப்படியே போடமாட்டார். வேகவைப்பார். டீ போடுகிற அலுமினியச் சட்டியில் கடைந்த பின்னுகளைப் போட்டு, ஸ்டவ்வில் வைத்து, இட்லி வேகவைக்கிறவர் மாதிரி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருப்பார். "பிட்டரே, உன் பின்னு வெந்த தண்ணியிலதான் எங்களுக்கு டீயா?" என்று அக்கா கேட்டார். கம்பெனியில் அவரிடம் வாய் கொடுக்கிற ஒரே ஆள் அக்காதான். பிட்டர் நிமிர்ந்து பார்க்காமல், "குடி. காஞ்சது சொல்லாம உடையும். ஊறுனது சொல்லிட்டுத்தான் உடையும். உன் வயிறும் சொல்லிட்டே போவட்டும்," என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்கு இவ்வளவுதான் தெரியும்: காய்ந்த நைலானை வளைத்தால் கண்ணாடி மாதிரி பட்டென்று போய்விடும், வேகவைத்தது கொஞ்சம் நெகிழ்ந்துகொடுத்து, வளைகிற இடத்தில் வெளுத்து, பிறகுதான் உடையும். ஏன் என்று இப்போது நீ தேடிப் படித்துச் சொல்லித்தான் புரிந்தது, பெரியவளே. நைலான் என்பது நீளநீளமான சங்கிலிகள் பின்னிக் கிடக்கிற பொருள் என்றாய். ஒவ்வொரு சங்கிலிக்குள்ளேயும் கண்ணிக்குக் கண்ணி பிடிப்பு கெட்டி. ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் நடுவே இருக்கிறது லேசான பிடிப்பு, கூட்டத்தில் ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. இழுத்தால், முறுக்கினால், முதலில் விட்டுப்போவது அந்த லேசான பிடிப்புதான். விட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் விழும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும், அதுதான் வெளுப்பு. தண்ணீரில் வெந்தால் தண்ணீர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இடம் கொடுக்கிறது, அதனால் அவை உடனே அறாமல் நகர்ந்து பார்க்கின்றன. இப்போதெல்லாம் வலுவில்லாத ஒரு பிணைப்பைத் தெரிந்தே உள்ளே வைத்து பிளாஸ்டிக் செய்கிறார்களாம், அடி விழுந்தால் அந்தப் பிணைப்பு மட்டும் அறுந்து நிறம் மாறிக் காட்டிக்கொடுக்குமாம். நீ சமையலறையில் பால் கவரை இழுத்து வெளுக்கவைத்துக் காட்டி இதையெல்லாம் சொன்னபோது, நான் ஏன் எழுந்து வாசலுக்குப் போனேன் என்று உனக்குத் தெரியாது. டீச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அந்த ஆள் எந்தப் புத்தகமும் படிக்காமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். இருக்கிறதிலேயே வலுக்குறைந்த ஒரு துண்டைத் தேடிப்பிடித்து, அதை மோட்டாருக்கும் எங்கள் கைக்கும் நடுவில் வைத்தார்.

எங்களுக்குப் புரியவைக்க அவர் ஒருமுறை முயற்சி செய்தார். பொங்கலுக்கு அடுத்த வாரம். பின்னு அடிக்கடி உடைகிறது என்று பெண்கள் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். பிட்டர் வெளியே போய், ஒரு கரும்போடு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, கரும்பை மிஷின் வாயில் விட்டார். பிளேடு கரும்பைக் கவ்வியது. அவர் கையோடு சேர்த்து ஒரு முழம் உள்ளே இழுத்தது. டக். பிளேடு நின்றது. கரும்பை உருவி எடுத்தார். தோல் கிழிந்து, சாறு வழிந்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் உள்ளே நார் அறவில்லை, முழுசாக இருந்தது. அதை ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கும் முன்னால் நீட்டி, "இது உன் கையி. இது உன் கையி," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக என்னிடம் வந்தவர், கரும்பை என் நெஞ்சில் வீசி அடித்து, "தின்னுடா பத்தாங்கிளாஸு," என்றார்.

அந்த நாள் வந்தது அதற்கு ஐந்தாறு மாசம் கழித்து. உங்கள் அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். மறுநாள் மண்ணை அச்சில் அழுத்துகிற பிரஸ்ஸில் வேலை நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் அன்றைக்கு மாலைக்குள் இவ்வளவு உருளை தயாராக வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். பிட்டருக்கு அன்றைக்கு அந்தச் சுரங்க நிலத்து விசாரணை, ஆபீசுக்குப் போக வேண்டும். போகும்போது நான்கு பின்னை என் கையில் கொடுத்து, "வெளுத்துதுன்னா உள்ள எதுவோ தப்பு. ஓட்டாத. நிறுத்திட்டு ஒக்காரு. மத்தியானம் வந்து தொறந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஒன்று உடைந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவதைப் போட்டேன். மிஷின் சத்தம் சரியில்லை, குழாய்க்குள் யாரோ நகத்தால் பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தி உருவிப் பார்த்தேன். உடையவில்லை. இடுப்பைச் சுற்றி வெளுத்திருந்தது. இந்தக் கிண்ணத்தில் கிடக்கிறதே, இதுதான் அது.

அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், பிரஸ் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள், "தம்பி, பொழுது போவுது பாரு," என்று அக்காவும் சொன்னார். பிட்டர் இல்லாத ஒரு நாளில் நான் மிஷினை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வெளுத்த பின்னைக் குழாய்க்கு அடியில் கிடந்த மண் குப்பையில் எறிந்தேன். பழைய இரும்புக் கம்பி ஒன்றை அளவாக அறுத்து, பெண்கள் கண்ணில் படாத பின்பக்கம் போய், சுத்தியால் அடித்து இறக்கினேன். பிட்டர் வந்தால் தெரிந்துவிடும். அதற்காக, முன்பு உடைந்த பின்னுகளின் தலைகளை மெல்லிசாக அறுத்து, இரும்பின் இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் நைலான். என் வாழ்க்கையில் அவ்வளவு நுணுக்கமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. ஸ்டார்ட்டர் சுவிட்சைப் போட்டேன், மிஷின் ஓடியது. பிறாண்டுகிற சத்தமும் இருந்தது, ஆனால் ஓடியது. அக்கா கையைத் தட்டி, "ஏ பத்தாங்கிளாஸு, நீ பாஸுடா," என்றார்.

பிட்டர் ஒரு மணிக்கு வந்தார், சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தியிருந்தோம். நிலம் போனதுதான் போல, முகம் இறுகிக் கிடந்தது. வழக்கம்போல இணைப்புக்குப் பக்கத்தில் குனிந்து, பின்னின் தலையை ஒரு பார்வை பார்த்தார். "வெளுத்துதா?" என்று கேட்டார். "இல்லண்ணே," என்றேன். மற்ற நாளாக இருந்தால் உருவிப் பார்த்திருப்பார். அன்றைக்கு என்னை நம்பி லேத் ரூமுக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேல். நான் முன்பக்கம் கம்பியை இழுத்து அறுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் முதலில் என் காதில் ஏறவில்லை. உருளையாக வந்துகொண்டிருந்த வெள்ளை மண்ணில் சிவப்பாக ஒரு வரி ஓடியது, அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அக்காவின் குரல் உறைத்தது. வலையை அன்றைக்கும் யாரோ கழற்றியிருந்தார்கள். வளைந்து போயிருந்த ஒரு பிளேடு வாய் வரைக்கும் எழும்பி, ஈரச் சட்டையின் கையைக் கவ்வியிருக்கிறது. அதுதான் காலையிலிருந்து பிறாண்டியது. பின்னு வெளுத்தது அதனால்தான். சட்டை போனது, கை போனது, தோள் மிஷின் வாயில் வந்து மோதி நின்றது, பிளேடு நிற்கவில்லை. அக்கா வலது கையால் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுக்கிறார், கால் இரண்டும் மண்ணில் சறுக்குகிறது. எலும்பு நொறுங்குகிற சத்தம் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்டது. ஸ்டார்ட்டர் எனக்குப் பத்தடி தூரத்தில் சுவரில் இருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டு, பின்னு உடையும், இதோ உடையும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அங்கே இரும்பு இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. அதை வைத்தவன் நான்.

பிட்டர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். ஒரு நொடி இணைப்பைப் பார்த்தார், அவரும் அது உடையும் என்றுதான் பார்த்திருப்பார். உடையவில்லை என்றதும் சுவரோரம் இருந்த கடப்பாரையை எடுத்து, மோட்டாரிலிருந்து பெல்ட்டில் சுற்றுகிற பெரிய சக்கரத்தின் ஆரங்களுக்குள் பாய்ச்சினார். சக்கரம் கடப்பாரையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றி எறிந்தது. அது அவர் தாடையில் விழுந்தது. பெல்ட் அறுந்து பாம்பு மாதிரி சுவரில் அடித்தது. யாரோ ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தார்கள், எல்லாம் நின்றது. அந்த அமைதியில் அக்கா, "எடுத்துவுடு, எடுத்துவுடு," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்டைக் கையால் பின்பக்கமாகத் திருப்பித்தான் எடுத்தோம். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஜீப்பில் அக்காவை ஏற்றி அனுப்பினார்கள். பிட்டரையும் ஏறச் சொன்னார்கள், அவர் ஏறவில்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது, வாயிலிருந்து ரத்தமும் பல்லும் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. நேராக இணைப்புக்குப் போனார். பின்னின் தலையில் நகத்தை வைத்துப் பெயர்த்தார். நைலான் சில்லு கையோடு வந்தது, அடியில் இரும்பு பளபளத்தது. என்னைப் பார்த்தார். அவர் வாய் பேசுகிற நிலையில் இல்லை, கை பேசியது. முப்பது நம்பர் ஸ்பேனரால் தோளில், முதுகில், கீழே விழுந்த பிறகு இடுப்பில். நான் ஒரு தடவைகூட கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவரைப் பிடித்து இழுத்தவர்களையும் அடித்தார். மழைக்காலத்தில் என் வலது தோள் தூக்க முடியாமல் போகிறது அல்லவா, நீங்கள் தைலம் தேய்த்துவிடுகிறீர்களே, சைக்கிளிலிருந்து விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்.

மறுநாள் முதலாளி தன் ரூமுக்குக் கூப்பிட்டார். கை கட்டுப்போட்டுத் தொங்க, நான் நின்றேன். மேஜை மேல் அந்த இரும்புத் துண்டு இருந்தது. "யாருடா இத போட்டது?" என்று கேட்டார். வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். "பிட்டர்தாங்க. அவசரம்னு அவரே போட்டாரு," என்றேன். அவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னு செய்கிறவர் அவர் ஒருவர்தான், மத்தியானம் அவர் இணைப்புக்குப் பக்கத்தில் குனிந்ததையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிட்டர் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாராம். முதலாளி படித்துவிட்டு, "செஞ்சதையும் செஞ்சிட்டு, அந்தப் பையனையும் அடிச்சிட்டு, அவன் மேலயே பழி போடுறான் பாரு," என்று சொன்னாராம். கம்பெனியில் அவரிடம் அடி வாங்காத ஆளே இல்லை, அதனால் அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவிடமும் அப்படியேதான் சொன்னார்கள். அக்கா அவரை மண்ணை வாரித் தூற்றியதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு மாசம் கழித்து ஒரு பகல் வேளையில் பிட்டர் நம் வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். வாசலில் சைக்கிள் மணி. நான் அடுப்படிக்குள் ஓடி அரிவாள்மணையைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெட்டுவது என்றுதான் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வாசற்படியோடு நின்றார். தாடை கோணலாக ஒட்டியிருந்தது, ஒரு விரல் நுழைகிற அளவுதான் வாய் திறந்தது. டவுசர் பையிலிருந்து இந்தப் பின்னை எடுத்து வாசற்படியில் வைத்தார். கம்பெனியில் தன் சாமான்களை எடுக்கப் போனபோது மண் குப்பையைக் கிளறிக் கண்டெடுத்திருக்கிறார். பல்லிடுக்கு வழியாகத்தான் பேசினார். "இது சொல்லிடுச்சி. நீ சொல்லல." அரிவாள்மணையைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வேப்பூரில் ரோட்டோரம் லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த வழியாக பஸ் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்கு நான் அரிசி தூக்கிக்கொண்டு போனது, கூரை வேய்ந்தது, அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்றது, அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஒற்றைக் கையால் உங்கள் தலையைப் பின்னிவிட முயன்று நீங்கள் சிரித்தது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள்ளே அந்தப் பிறாண்டுகிற சத்தம் கேட்கும். மிஷினை நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

நீ பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, இது வெளுத்தால் என்னப்பா அர்த்தம் என்று கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. அந்த ஞாயிறு உங்களை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, அக்கா முன்னால் பின்னை வைத்து, இதுவரை எழுதியதையெல்லாம் சொன்னேன். அவருக்காகப் போட்ட டீயில் ஏடு கட்டியது, அவர் தொடவில்லை. பிறகு கேட்டார், "பதினேழு வருஷமா அரிசி தூக்கியாந்தியே தம்பி, அது இதுக்குத்தானா?" நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். "உன் புள்ளைங்க தலய தடவினேனே," என்றார். அழவில்லை. பின்னை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சிமெண்டுப் படியின் விளிம்பில் பாதி வெளியே நீட்டியிருக்கிற மாதிரி வைத்தார். செருப்பைக் கழற்றினார். குதிகாலைத் தூக்கி, மிஷின் வாயில் பின்னால் சாய்ந்து இழுத்தாரே அன்றைக்கு, அந்த வலுவோடு ஓங்கி மிதித்தார். பட். வேகவைத்தது பதினேழு வருஷம் பீரோவில் காய்ந்து கிடந்திருக்கிறது. வளையவில்லை, ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. ஒரு துண்டு வேலி வரைக்கும் தெறித்தது. குதிகாலில் ரத்தம். நான் குனிந்து பார்க்கப் போனேன், காலை இழுத்துக்கொண்டார்.

"அந்தாளத்தான் நான் இத்தினி நாளா சபிச்சேன்," என்றார். "என் கைய வுட்டுத் தள்ளு. அந்தாளு வூட்டு வாசல்ல போய் நின்னு சொல்லிட்டு வா. அவரு வாயத் தொறந்து என்னா சொல்றாரோ, அத வந்து எங்கிட்ட சொல்லு. அதுக்கப்பறம் உன் வூட்டு டீய குடிக்கறனா இல்லையான்னு பாக்கலாம்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டியபடி போனார்.

நான்கு வாரம் ஆகிவிட்டது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். நாளைக் காலையில் போகிறேன். இதை நீங்கள் படித்துவிட்டால் நான் பாதி வழியில் திரும்பி வர முடியாது, அதற்காகவும்தான் எழுதினேன். அவர் கை இன்னும் முந்துமா என்று தெரியாது. முந்தினாலும் அன்றைக்கு மாதிரியே நிற்பேன்.

போவதற்கு முன்னால் துண்டு இரண்டையும் கிண்ணத்திலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். உடைந்த முகத்தில் ஓரத்தைச் சுற்றிப் பாலாடை மாதிரி ஒரு வெளுத்த வளையம் இருக்கிறது, அது அன்றைக்கு அந்தப் பிளேடு போட்டது. உள்ளே நடுவில் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, அது அத்தை குதிகால் போட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே நான் செய்ததற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை.

அதனால்தான் இதை எழுதி, கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.